மர்ரே ஆற்றின் கேப்டன் ராண்டல்: இரண்டாவதாக வந்தவருக்கு ஏன் இத்தனை மரியாதை?

ஆற்றுமணல்:
வணக்கம். அடிலெய்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. சென்ற ஞாயிறு குழந்தைகளோடு மர்ரே ஆற்றங்கரை ஊரான மேனம் போயிருந்தோம். அங்குள்ள படகுத்துறை அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பாய்லர் இருக்கிறது. 1853இல் மர்ரே ஆற்றில் ஓடிய ‘மேரி ஆன்’ என்ற நீராவிப் படகினுடையது, கேப்டன் வில்லியம் ராண்டல் கட்டியது என்றார்கள். ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஸ்வான் ஹில் ஊரை முதலில் எட்டியது பிரான்சிஸ் கேடலின் ‘லேடி அகஸ்டா’ என்று வேறோரிடத்தில் படித்தேன். அப்படியானால் ஊர் முழுக்க ராண்டல் பெயர் ஏன்? அவர் குடும்பம் எப்படிப்பட்டது?

கரையோரம்:
இந்த ஆற்றங்கரையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராண்டல் மாலுமிக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், மாவுமில் வீட்டுப் பிள்ளை. 1824இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தார். 1837இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாகப் பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் ‘ஹார்ட்லி’ கப்பலில் இங்கே வந்து இறங்கினார். அப்பா அடிலெய்டு மலைப்பகுதியில் உள்ள கம்மராக்காவில் நிலம் வாங்கி மாவுமில் வைத்தார். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். அத்தனை பேருக்கும் ரொட்டி வேண்டும், ராண்டல் வீட்டில் மாவு இருக்கிறது, நடுவில் ஆறு ஓடுகிறது. படகு யோசனை பிறந்தது அப்படித்தான்.

படகின் சட்டங்களை மலைமேல் கம்மராக்காவிலேயே அறுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்கு இறக்கினார்கள். வேலையில் தம்பிகளும் கைகொடுத்தார்கள். படகுக்கு வைத்தது அம்மாவின் பெயர், மேரி ஆன். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். அதே ஆற்றில் கேடல் ஓட்டிய படகுக்கோ ஆளுநர் மனைவியின் பெயர். ஆளுநர் சர் ஹென்றி யங்கே அதில் பயணம் செய்தார். ஆற்றில் நீராவிப் படகு விடுபவருக்கு என்று அரசு அறிவித்த பரிசும் இரும்பால் கட்டிய பெரிய படகுக்குத்தான். ராண்டலின் சின்ன மரப்படகு அந்த நிபந்தனைக்குள் வரவே இல்லை.

மார்ச் மாதம் கிளம்பிய முதல் பயணம் நீர் வற்றிப்போனதால் பாதியில் நின்றது. மலைப்பனி உருகி வெள்ளம் வரும்வரை காத்திருந்து ஆகஸ்ட் நடுவில் மறுபடி புறப்பட்டார். பத்து நாள் கழித்து ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள கூல்வாவிலிருந்து கிளம்பிய கேடல் வழியில் அவரைப் பிடித்துவிட்டார். செப்டம்பர் 17 அன்று கேடல் ஸ்வான் ஹில் சேர்ந்தார், சில மணி நேரம் பிந்தி ராண்டல் சேர்ந்தார். நீங்கள் படித்தது சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கேடல் திரும்பிய பிறகும் ராண்டல் மேலே போய்க்கொண்டே இருந்தார். இன்றைய எச்சூக்காவுக்கு எதிர்க்கரையில் உள்ள மோவாமா வரை போனார். முதலில் புறப்பட்டவரும் அவரே, அதிக தூரம் போனவரும் அவரே. அவரை இரண்டாவது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கொதிகலன் தாத்தா:
தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவன். மேரி ஆனின் பாய்லர் சதுர வடிவம் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. உருளையாக இருந்தால் நீராவி எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தள்ளும், தகடு தாங்கும். தட்டைத் தகடு நடுவில் உப்பும். உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்து இழுத்துப் பிடிக்காவிட்டால் தகடுகளைச் சேர்த்த தையல் விட்டுப்போகும். ராண்டலின் பாய்லரும் அப்படித்தான் உப்பியது, அதற்கு மாட்டுச் சங்கிலியைச் சுற்றி, மரக்கட்டைகளை ஆப்பாக அடித்து இறுக்கினார்கள் என்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று விறகு தள்ளியவனை நினைத்துப் பாருங்கள். அவன் காது முழுக்க அந்தச் சங்கிலியின் மேல்தான் இருந்திருக்கும். நானாக இருந்தால் அன்றே நெருப்பை அணைத்திருப்பேன்.

ஆற்றுமணல்:
இருவருக்கும் நன்றி. தாத்தா, அந்தப் பாய்லரைச் சும்மா பார்த்துவிட்டு வந்துவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது. கரையோரம் அக்கா, அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? திருமணம் ஆனவரா?

கரையோரம்:
அதே 1853 டிசம்பரில் எலிசபெத் ஆன் நிக்கல்ஸ் என்பவரை மணந்தார். பாய்லர், பந்தயம், கல்யாணம் எல்லாம் ஒரே வருடத்தில்! பிறகு இரண்டு படகுக் கூடுகளை அருகருகே இணைத்து, நடுவில் சக்கரம் வைத்து ‘ஜெமினி’ என்று ஒன்று கட்டினார். அதில் ஒரு கூடு பழைய மேரி ஆனுடையதுதான். அம்மா பெயர் போயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அந்த ஜெமினிதான் 1859இல் மர்ரேயோடு சேரும் டார்லிங் ஆற்றில் ப்ரூவாரினா என்ற ஊர் வரை ஏறியது. தம்பிகளும் ஆற்றுத் தொழிலில் இருந்தார்கள். வயதான பின் 1893 முதல் 1899 வரை கம்மராக்கா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 1911இல் காலமானார்.

கேடலின் முடிவு வேறு. 1879இல் கிழக்கிந்தியத் தீவுகள் பக்கம் தன் கப்பல் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அவரும் பெரிய துணிச்சல்காரர், அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆற்றுமணல்:
அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இந்த முறை தகட்டின் நடுவில் உப்பல் தெரிகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்துப் படம் எடுத்து வந்து தாத்தாவுக்குக் காட்டுகிறேன்.