கோல்கி ஈஆருக்குள் கரைகிறதா? மறுபடியும் ஆரம்பிச்சாச்சு

கடைசி_அடுக்கு: "மைட்டாசிஸில் (செல் பிரியற நேரத்துல) கோல்கி (புரதத்தைப் பக்குவப்படுத்தி அனுப்பற சவ்வு அடுக்கு) முழுசா ஈஆருக்குள்ள (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், புரதம் உருவாகற சவ்வு வலை) கரைஞ்சு, டீலோஃபேஸில் (பிரிவோட கடைசிக் கட்டத்துல) புதுசா முளைக்குது"ன்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். அதுக்கு ஆளாளுக்கு சபாஷ் வேற. செல் பிரிவைத் தூண்டற சிடிகே1 என்சைம், கோல்கி மேல இருக்கற ஜிஎம்130 புரதத்தோட 25வது செரீனில் (ஒரு அமினோ அமிலம்) பாஸ்பேட் ஒட்டினதும், வெசிக்கிளை (சின்னச் சவ்வுப் பை) அடுக்கோட கட்டிப் பிடிக்கற பி115 புரதம் பிடி விட்டுடும். வெசிக்கிள் வந்து அடுக்கோட இணையறது நின்னுபோகும், ஆனா சிஓபிஐ கோட்ங்கற புரத உறை வெசிக்கிளைக் கிள்ளி அனுப்பறது நிக்காது. வரவில்லாம செலவு மட்டும் ஓடினா கையிருப்பு காலி. மிஞ்சறது 50–70 நானோமீட்டர் வெசிக்கிள்களும் கொஞ்சம் குழல்களும். இதுல ஈஆர் எங்கிருந்து வந்தது?

மூடுபனி: அடிச்சு விட்டது நான்தான். 1999ல லிப்பின்காட்-ஸ்வார்ட்ஸ் குழு போட்ட பேப்பரைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வராது. மெட்டாஃபேஸில் (பிரிவோட நடுக்கட்டம்) கோல்கி என்சைம் செல் முழுக்கப் புகை மாதிரி பரவிக் கிடக்கு. அந்தப் புகைதான் ஈஆர்.

கடைசி_அடுக்கு: சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரிச்சுக் காட்டறது சுமார் 200 நானோமீட்டர் வரைக்கும்தான். அதுல 60 நானோமீட்டர் வெசிக்கிள் ஆயிரக்கணக்குல இருந்தா புகையாத்தான் தெரியும். புகையைப் பார்த்துட்டு ஈஆர்னு சாதிக்கிறீங்க.

மூடுபனி: ஒளிவெளுப்புச் சோதனையும் (ஒரு இடத்துல ஒளிர்வை அழிச்சுட்டு, எவ்வளவு வேகமா திரும்புதுன்னு பார்க்கறது) இருக்கே, அது கண்ணுல படலையா? புகை ஈஆர்தான்.

கடைசி_அடுக்கு: 2004, மல்ஹோத்ரா ஆய்வகம். ஈஆரை விட்டு நகராத புரதத்துல எஃப்ஆர்பி, கோல்கி என்சைம்ல எஃப்கேபிபின்னு ரெண்டு புரதத் துண்டை ஒட்டினாங்க. ராபமைசின் மருந்து போட்டா ரெண்டும் பூட்டிக்கும். மைட்டாசிஸில் என்சைம் ஒரு தடவை ஈஆருக்குள்ள காலை வச்சாலும் சிக்கியிருக்கணும். சிக்கலை. டீலோஃபேஸில் கோல்கி ஒழுங்கா திரும்பி வந்துச்சு. அதே செல்லுல ப்ரெஃபெல்டின் ஏ கொடுத்து கோல்கியை ஈஆருக்குள்ள தள்ளினா மட்டும் பூட்டு விழுது.

மூடுபனி: 2015ல அதே பூட்டை வச்சே என்சைம் ஈஆருக்குப் போய் வருதுன்னு காட்டினதைச் சாமர்த்தியமா விட்டுட்டீங்க.

கடைசி_அடுக்கு: 2017ல வந்த மறுப்பை நீங்க விட்ட மாதிரியா?

இலைப்பச்சை: தாவர செல்லுல மைட்டாசிஸ் முழுக்க கோல்கி அடுக்கு கலையாமலே இருக்கு. ரெண்டு பேரும் பாலூட்டி செல்லை மட்டும் வச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுதறீங்க.

கடைசி_அடுக்கு: இங்க பேச்சு பாலூட்டி செல் பத்தி. தாவரத்துக்குத் தனியா இழை ஆரம்பிங்க.

இலைப்பச்சை: தலைப்புல பாலூட்டின்னு எங்கயும் இல்லையே, நாட்டாமை.

மூடுபனி: அவருக்கு எப்பவும் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியா இழையிலும் மைட்டோகாண்ட்ரியாவைத் துண்டாக்கற டிஆர்பி1 புரதத்தோட 616வது செரீன்னு ஒரே பாட்டைப் பாடி எல்லாரையும் விரட்டி விட்டார்.

கடைசி_அடுக்கு: லாமின் (கருவோட உறையை உள்ளேருந்து தாங்கற புரத வலை) கலையணும்னா பாஸ்பேட்டை *எடுக்கணும்*னு எழுதின ஆள் நீங்க. பாடம் எடுக்க வந்துட்டீங்க.

மூடுபனி: அது தட்டச்சுப் பிழை, அன்னைக்கே திருத்தியாச்சு! புகைக்கு வாங்க.

செரீன்25: மைக்ரோடியூபுலை (செல்லுக்குள்ள இருக்கற புரதக் குழல்கள்) கலைக்கற நோகடசோல் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தின செல்லை வச்சு ரெண்டு கட்சியும் பேசக் கூடாது. மைக்ரோடியூபுல் போனாலே, மைட்டாசிஸ் இல்லாமலும், கோல்கி சின்னச் சின்ன அடுக்கா ஈஆர் வெளிவாசல் பக்கத்துல போய் உட்காரும். சிடிகே1-ஐ அடக்கற ஆர்ஓ-3306 கொடுத்து ஜி2 எல்லையில (மைட்டாசிஸுக்குச் சற்று முன்னாடி) நிறுத்தி, கழுவி விட்டுப் பாருங்க. அப்புறம், மெட்டாஃபேஸில் ஜிஎம்130 புள்ளி தெரியுதுன்னு காட்டறதும் செல்லாது. அது சவ்வுக்கு வெளியே ஒட்டியிருக்கற புரதம். என்சைம் எங்க போச்சுன்னு அது சொல்லாது.

மூடுபனி: ஆக ஜிஎம்130 புள்ளி செல்லாது. நன்றி செரீன்25.

கடைசி_அடுக்கு: நான் ஜிஎம்130 புள்ளியைப் பத்திப் பேசவே இல்லை, பாஸ்பேட்டைப் பத்திப் பேசினேன். எலிக் கல்லீரல்ல பிரிச்செடுத்த கோல்கியை மைட்டாசிஸ்ல இருக்கற செல்லோட சைட்டோசால்ல (செல் திரவம்) போட்டா வெசிக்கிளா உடையுது. அப்புறம் சவ்வை இணைய வைக்கற பி97, பி47, என்எஸ்எஃப் புரதங்களெல்லாம் சேர்த்தா திரும்ப அடுக்காகுது. அந்தச் சோதனைக் குழாயில ஈஆர் எங்க இருக்கு?

மூடுபனி: ஈஆரே இல்லாத குழாயில ஈஆருக்குள்ள போகலைன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. பிரமாதம்.

கடைசி_அடுக்கு: ஈஆர் இல்லாமலே உடைஞ்சு சேருதுன்னா அது எதுக்குன்னு கேட்டேன். பதில் வரலை. புகை, புகை, புகை.

இலைப்பச்சை: வெங்காய வேர் நுனியில புகையே கிடையாது.

கடைசி_அடுக்கு: தனி இழை!