வைஃபை போனில் நடந்துகொண்டே பேசினால் குரல் அறுந்து போகிறது, ஏபி (வைஃபை சிக்னல் தரும் பெட்டி, ஆக்ஸஸ் பாயிண்ட்) கூட்டினால் சரியாகுமா?

வார்டு_ஐடி:
வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐடி பார்க்கிறேன். தரைத்தளம் போக மூன்று மாடி. பழைய இண்டர்காமை எடுத்துவிட்டு நர்ஸ்களுக்கு வைஃபை போன் கொடுத்திருக்கிறோம், பின்னால் ஐபி பிபிஎக்ஸ் (கால்களை நெட்வொர்க் வழியாக இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்ச்). மாடிக்கு 5 ஏபி, எல்லாம் வராந்தா ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக. நின்ற இடத்தில் பேசினால் தெளிவாகக் கேட்கிறது. நர்சிங் ஸ்டேஷனிலிருந்து பேசிக்கொண்டே வார்டுக்கு நடந்தால் நடுவில் இரண்டு மூன்று வினாடி சத்தமே இல்லை, சில சமயம் கால் கட். எக்ஸ்ரே பக்கம் போனால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. இத்தனைக்கும் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, லேப்டாப்பில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் எல்லா இடத்திலும் 80, 100 எம்பிபிஎஸ். மாடிக்கு இன்னும் இரண்டு ஏபி போட்டால் சரியாகிவிடும் என்று வெண்டர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துக்குப் போகும் முன் கேட்கிறேன், அது சரிதானா?

அலைவரிசை:
கொட்டேஷனை நிறுத்தி வையுங்கள் சார். ஏபி பவர் எவ்வளவு, சேனல் அகலம் எவ்வளவு, அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸா 5ஆ, போன் எப்படி லாகின் ஆகிறது, இதையெல்லாம் போடுங்கள். ஸ்பீட் டெஸ்டை மறந்துவிடுங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு கால் ஒரு திசைக்கு 64 கேபிபிஎஸ், ஹெடர் எல்லாம் சேர்த்தும் 90ஐத் தொடாது. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், வினாடிக்கு 50, அது நேரத்துக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் விஷயம். டவுன்லோடில் தவறிய பாக்கெட்டை மறுபடி அனுப்பிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. பேச்சில் பிந்தி வந்த பாக்கெட் குப்பைக்குத்தான்.

வார்டு_ஐடி:
பவர் எல்லாவற்றிலும் மேக்ஸிமம், 20 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு) மேல் காட்டுகிறது. 2.4, 5 இரண்டுக்கும் ஒரே எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்). 5இல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், சேனல் ஆட்டோ. லாகின் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், அதாவது பொதுக் கடவுச்சொல் இல்லை, அனுமதியைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வழியாக. 802.11ஆர் என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது, அது ஆஃப்.

அலைவரிசை:
அப்படியென்றால் உங்கள் இரண்டு மூன்று வினாடிக்கு விடை கிடைத்துவிட்டது. 802.11ஆர் (ஏபி மாறுவதை வேகமாக்கும் வசதி) இல்லாமல் எண்டர்பிரைஸ் லாகின் என்றால், போன் ஒரு ஏபியை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது ரேடியஸ் வரை போய் முழுசாக அனுமதி வாங்கிவிட்டு வரவேண்டியிருக்கும். போனில் சாவியைச் சேமித்து வைக்கும் வசதி இருந்தாலும் இரு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். அதனால் அந்த டிக்கைப் போடுங்கள்.

ஒரு பக்கக் குரலுக்குக் காரணம் பவர். அந்தக் கோடு சொல்வது ஏபி பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான். மேடையில் மைக்கில் பேசுபவருக்குக் கடைசி வரிசையில் இருந்து வெறும் வாயால் பதில் சொல்வது மாதிரி, சின்ன பேட்டரியில் ஓடும் போன் அந்த அளவுக்குக் கத்த முடியாது. 5இல் ஏபி பவரை 12 முதல் 14 டிபிஎம்முக்கு இறக்குங்கள், போனின் டேட்டா ஷீட்டில் அதன் பவர் இருக்கும், அதை ஒட்டி வையுங்கள். இன்னொரு லாபம், மேக்ஸிமத்தில் இருக்கும்போது மூன்று ஏபி தாண்டிப் போனபின்னும் பழையதையே போன் பிடித்துத் தொங்கும், அதுவும் குறையும்.

80 மெகாஹெர்ட்ஸ் குரலுக்கு எதற்கு? ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களை விட்டுவிட்டால் அந்த அகலத்தில் மிஞ்சுவது இரண்டே சேனல். 20க்கு மாற்றினால் 36, 40, 44, 48, 149, 153, 157, 161, 165 என்று ஒன்பது கிடைக்கும். ரேடார் சேனல்களை (52 முதல் 144) நான் போனுக்குக் கொடுப்பதில்லை, ரேடார் சிக்னல் காதில் விழுந்தால் ஏபி உடனே சேனலைக் காலி செய்துவிடும். போனுக்குத் தனி எஸ்எஸ்ஐடி, 5இல் மட்டும், குறைந்தபட்ச வேகம் 12 எம்பிபிஎஸ்.

வராந்தாதான் பெரிய தலைவலி. நீள வராந்தாவில் தடையே இல்லாததால் ஏபிகள் ஒன்றையொன்று நன்றாகக் கேட்டு மாற்றி மாற்றிக் காத்திருக்கும், வார்டில் நிற்கும் நர்ஸுக்கோ சுவர் தாண்டித்தான் சிக்னல். இதில் இன்னும் இரண்டைச் சேர்த்தால் நெரிசல்தான் கூடும். இருக்கிற ஐந்தையே வார்டுகளுக்குள் இடது வலதாக மாற்றி மாட்டுங்கள்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
ஒரு பக்கக் குரல் என்றதும் எஸ்ஐபி ஏஎல்ஜியை (கால் பாக்கெட்டுக்குள் இருக்கும் முகவரியை ரவுட்டர் திருத்தும் வசதி) ஆஃப் செய்யச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். எங்கே நின்றாலும் அப்படி என்றால் அதுதான் காரணமாக இருக்கும். எக்ஸ்ரே பக்கம் மட்டும் என்பதால் தம்பி சொல்வதே சரி. அந்த அறைச் சுவரில் ஈயத் தகடு இருக்கும், வெளியிலிருந்து எந்தப் பவரும் ஒழுங்காக உள்ளே போகாது. உள்ளே போன் தேவை என்றால் உள்ளேயே ஒரு ஏபி.

இன்னொன்று, குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 (குரலுக்கு முன்னுரிமை கேட்கும் குறி) இருக்கிறதா, நடுவில் உள்ள சுவிட்ச் அதை அழிக்கிறதா பாருங்கள். பல ஏபிகள் 46இன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து 5 என்று வாசித்து வீடியோ வரிசையில் தள்ளிவிடும். அது 6, அதாவது குரல் வரிசை, ஆகவேண்டும், 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணைய நெறி ஆவணம் இதைத்தான் சொல்கிறது.

வார்டு_ஐடி:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. இடம் மாற்றும் முன் அளந்து பார்க்க எந்தக் கருவி வாங்குவது?

அலைவரிசை:
போனே கருவி. அலுவலக வைஃபை போன்கள் பலவற்றில் சைட் சர்வே மெனு இருக்கும். லேப்டாப் ஆண்டெனா பெரிது, அது காட்டும் எண்ணை நம்பவேண்டாம். போனை நர்ஸ் கோட் பாக்கெட்டில் போட்டு, கதவுகளைச் சாத்திவிட்டு நடங்கள், உடம்பும் கதவும் தின்பதை நேரிலேயே பார்ப்பீர்கள். எங்கே நின்றாலும் -67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல சிக்னல் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது), இரைச்சலை விட 25 டிபி மேலே. அதோடு அடுத்த ஏபியும் -70 வாக்கில் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் போன் தாவ இடம் இருக்காது.

வார்டு_ஐடி:
இரண்டாம் மாடியில் மட்டும் மாற்றிப் பார்த்தோம். ஸ்டேஷனிலிருந்து வார்டுக்குப் போய்த் திரும்பும் வரை அறுபடவே இல்லை. ஆனால் 802.11ஆர் போட்டதும் பழைய மாடல் போன்கள் சில சேரவே மறுக்கின்றன. லிஃப்டில் இன்னும் கட் ஆகிறது.

அலைவரிசை:
பழையவற்றுக்கு 802.11ஆர் இல்லாமல் தனி எஸ்எஸ்ஐடி கொடுத்து, அவற்றை நடமாட்டம் இல்லாத பில்லிங், மருந்தகம் பக்கம் தள்ளிவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச்_தாத்தா:
லிஃப்ட் இரும்புப் பெட்டி, அதற்குள் யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் வாசலை ஒட்டி ஒரு ஏபி நன்றாகக் கேட்கும்படி செய்யுங்கள். பிபிஎக்ஸில் குரல் பாக்கெட் நின்றால் காலைத் துண்டிக்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால் 30 வினாடிக்கு ஏற்றுங்கள், கதவு திறந்ததும் அதே கால் தொடரும். வெண்டரிடம் ஏபியை விட்டுவிட்டு கேபிள் இழுக்கும் கூலிக்கு மட்டும் கொட்டேஷன் கேளுங்கள். சுவிட்சிலிருந்து புது இடம் வரை 100 மீட்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் டேப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.