ஹேர்மஸ் கப்பலுக்கு இறங்க எங்கே பயில்வது? திருகோணமலையில் இருப்பவர்கள் உதவுங்கள்

உப்புவெளியான்

கடந்த சோளகத்தில் 'அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர்' என்ற சுழியோட்டத் தகுதி அட்டை எடுத்தேன். இதுவரை 31 தடவை இறங்கியிருக்கிறேன். பெரும்பாலும் புறாமலை, சுவாமிமலையடி, இறக்கக்கண்டியில் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கும் பழைய கப்பல். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஹேர்மஸ் பைத்தியம். என் பூட்டன் துறைமுகத்தில் கூலிவேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறிப் போன பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மஸ்தான் மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

இனி என் சிக்கல். இரண்டு இடங்களில் கேட்டேன். ஒருவர் "இந்த அட்டைக்கு முடியாது" என்று கதவைச் சாத்திவிட்டார். மற்றவர் "நாளைக்கே வாருங்கள், ஒற்றைச் சிலிண்டர் போதும், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஏறிவிடலாம்" என்கிறார். அட்டையிலேயே 'அட்வான்ஸ்ட்' என்று எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் என்ன படிக்க வேண்டும்? யாரை நம்புவது?

கிண்ணியாக் கடலோடி

தம்பி, கதவைச் சாத்தியவரை நம்புங்கள். ஆனால் காரணம் சொல்லாமல் அனுப்பியது அவர் தவறு. பதில் எழுதுவதற்கு முன் இரண்டு கேள்விகள். அட்வான்ஸ்ட் வகுப்பில் ஆழச் சுழியோட்டம் எத்தனை மீற்றரில் நடந்தது? நீங்கள் கடைசியாகப் போன ஆழமான இடத்தில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள், மேலே வரும்போது மானியில் எவ்வளவு காற்று மிச்சம்?

உப்புவெளியான்

வகுப்பில் 19 மீற்றர். இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். திசைகாட்டிப் பயிற்சியில் பாதி கடற்கரை மணலில்தான் நடந்தது. கடைசியாகப் போனது பாசிக்குடாவுக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற கப்பல். சராசரி ஆழம் 20 மீற்றர், 25 நிமிடம். சிலிண்டர் அழுத்தம் 200 பாரில் இறங்கினேன். ஏறும்போது 40. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிண்ணியாக் கடலோடி

மறைக்காமல் சொன்னீர்களே, அது போதும். 18 மீற்றரைத் தாண்டினால் ஆழச் சுழியோட்டம் என்று விதியில் இருக்கிறது, அதனால் 19 கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த 'அட்வான்ஸ்ட்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். உங்கள் அட்டையின் எல்லை 30 மீற்றர். ஆழச் சிறப்புப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்குச் சுழியோட்டம் அதோடு முடிகிறது. ஹேர்மஸ் கிடப்பது 50 மீற்றருக்குக் கீழே. 53 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் எண்களையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அலுமினியச் சிலிண்டர் என்றால் கொள்ளளவு சுமார் 11 லீற்றர். 160 பார் செலவு என்றால் 1,760 லீற்றர். 25 நிமிடத்தால் வகுத்து, 20 மீற்றரில் அழுத்தம் 3 பார் என்பதால் 3ஆலும் வகுத்தால், மேற்பரப்பில் நிமிடத்துக்கு 23.5 லீற்றர் இழுக்கிறீர்கள். 53 மீற்றரில் அழுத்தம் 6.3 பார். அங்கே நிமிடத்துக்கு 148 லீற்றர் போகும்.

முழுச் சிலிண்டர் 2,200. இறங்க மூன்று நிமிடம், 250 லீற்றர். அந்தப் புண்ணியவான் சொன்ன ஐந்து நிமிடம், 740. மிச்சம் 1,210. அந்த நேரத்தில் துணைவரின் ரெகுலேற்றர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கெட்டுவிடுகிறது, உங்கள் காற்றை இருவரும் பங்கிடுகிறீர்கள். அடியில் தடுமாறி நிதானிக்க ஒரு நிமிடம், 300. நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற ஆறு நிமிடம், ஏறத்தாழ 1,030. கூட்டினால் 1,330 வருகிறது. 120 லீற்றர் போதாது. உடலில் சேர்ந்த நைதரசன் வெளியேற இடையில் நிற்க வேண்டிய நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பயத்தில் மூச்சு இரட்டிப்பாகும் என்பதையும் சேர்க்கவில்லை. அதற்குமேல் அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றின் நைதரசனே தலையைக் கிறங்க வைக்கும். மானியைப் பார்த்துவிட்டு எண்ணை மறந்தவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வெருகல் மைந்தன்

கணக்கெல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் கடலட்டை பிடிக்கிறவர்கள் ஒற்றைச் சிலிண்டரோடு 40, 45 மீற்றர் போகிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. எந்த வகுப்புக்கும் போனதில்லை. என் மாமா இருபது வருடம் போனார்.

மூதூர் அலை

மாமா இப்போது எப்படி நடக்கிறார் தம்பி?

வெருகல் மைந்தன்

தடி ஊன்றி. சரி அக்கா, புரிந்தது.

மூதூர் அலை

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் போய், இடையில் நிற்காமல் ஏறி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்கள் என் உறவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு எரியப் போனார்கள். நாம் ஆசைக்குப் போகிறோம். நமக்கு அவசரம் இல்லை.

உப்புவெளியான், நான் போன வழியைச் சொல்கிறேன். முதலில் நைட்ரொக்ஸ், அதாவது ஒட்சிசன் கூடிய காற்றுக் கலவை. 32 வீத ஒட்சிசன் கலவை கிட்டத்தட்ட 34 மீற்றர் வரைக்கும்தான், அதனால் ஹேர்மஸின் அடிக்கு அது ஆகாது. ஆனால் அதுவே பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பிறகு ஆழச் சிறப்புப் பயிற்சி, கப்பல் சிதைவுப் பயிற்சி. இந்த இரண்டுக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் மாதிரி இடம் கிடைக்காது. தலைகீழாகக் கிடக்கிறது, 24 மீற்றர்தான், அதே 1942 ஏப்ரல் 9இல் மூழ்கியது. உள்ளே நுழைவதாக இருந்தால், வெளி வெளிச்சம் கண்ணில் படும் தூரம் மட்டும்தான். மேற்பரப்பிலிருந்து அளந்தால் ஆழமும் உள்தூரமும் சேர்த்து 40 மீற்றரைத் தாண்டக்கூடாது.

அதற்குப் பிறகே, பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய தொழில்நுட்பச் சுழியோட்டம். ரீடிஐ (TDI) என்ற பயிற்சி நிறுவனத்தின் அழுத்தக்குறைப்பு வகுப்பு 45 மீற்றர் வரை, எக்ஸ்ரெண்டட் ரேஞ்ச் 55 வரை, ஹீலியம் சேர்ந்த கலவையான ட்ரைமிக்ஸ் 60 வரை. பாடி (PADI) நிறுவனத்தில் டெக் (Tec) 40, 45, 50 என்று படிப்படியாகப் போகும். டெக் 50இல் சேர 100 தடவை இறங்கிய பதிவு வேண்டும். உங்களிடம் 31 இருக்கிறது. இரட்டைச் சிலிண்டர், ஏறும்போது சுவாசிக்கத் தனிச் சிலிண்டர், ஆளுக்கு இரண்டு ரெகுலேற்றர் என்று சுமை கூடும். பணமும் கூடும், ஒளிக்கவில்லை.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சிறப்புப் பயிற்சிகள் வரை எடுக்கலாம். தொழில்நுட்ப வகுப்புக்கு, அதற்கென்றே தரம் பெற்ற பயிற்றுநரைத் தேடிப் போங்கள், வெளியூர் என்றாலும் பரவாயில்லை. பயிற்றுநரின் இலக்கத்தைக் கேட்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். முகம் சுளித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். படகில் அவசரத்துக்கான ஒட்சிசன் எங்கே என்று கேளுங்கள். "கரையில் இருக்கிறது" என்ற பதிலை நானே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று. பழைய கப்பல் முழுக்கத் தங்கூசி வலை சிக்கியிருக்கும். கத்தி வழுக்கும். நல்ல கத்தரிக்கோல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

குச்சவெளிப் படகு

படகுக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரைதான் நம் கடல். வாடை தொடங்கினால் எவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வெளிக்கடலில் நீரோட்டம் இழுத்துவிட்டால் தலை ஒரு தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. ஊதிவிடும் மிதவைக் குறி இல்லாதவரை நான் ஏற்றுவதில்லை. இறங்கிய மறுநாள் காலையே நுவரெலியாவுக்கு பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். 1,800 மீற்றருக்கு மேல் மலை அது, காற்றழுத்தம் குறைவு. கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

உப்புவெளியான்

எல்லாருக்கும் நன்றி. கிண்ணியா அண்ணா, உங்கள் கணக்கை அந்த "நாளைக்கே வாருங்கள்" ஆளிடம் காட்டினேன். "இவ்வளவு யோசித்தால் கடலுக்கே போக முடியாது" என்றார். முன்பணம் கொடுக்கவில்லை.

ஜூலையில் நைட்ரொக்ஸும் ஆழப் பயிற்சியும், ஓகஸ்ட்டில் கப்பல் பயிற்சி. வேறு ஒரு நிலையத்தில். இலக்கத்தைக் கேட்டதும் பயிற்றுநர் தானே கைப்பேசியில் திறந்து காட்டினார்.

அக்கா, ஒரு சந்தேகம். கப்பலுக்குள் போகும்போது வழி தவறாமல் திரும்ப நூல் கட்டிக்கொண்டு போவதைக் கரையிலேயே பழகலாமா?

மூதூர் அலை

கட்டாயம். கரையில் பழகாதவர் நீருக்குள் நூலில் தானே சுற்றிக்கொள்வார். வளவில் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுங்கள், மூலைக்கு மூலை இறுக்கமாக. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாக நூலைச் சுற்றியிருக்க, இழுக்காமல் தடவிக்கொண்டே திரும்பி வாருங்கள். எங்கேயாவது நூல் தொய்ந்தால் கட்டியது பிழை.

உப்புவெளியான்

முருங்கையிலிருந்து கொய்யாவுக்கு, கொய்யாவிலிருந்து கிணற்றுக் கட்டுக்கு. மூன்றாவது தடவைதான் சுருளோடு தடுமாறாமல் வந்தேன். நாலாவது தடவை கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தபோது முகத்தில் ஈரச்சேலை மோதியது. அம்மா அதில் துணி காயப்போட்டுவிட்டார். நூல் தொய்யவில்லை அக்கா.