வெளியில இருந்து நீர்வர்ணம் கீறுறதுக்கு ஒரு சொல் வேணும் (வியாழன் அச்சுக்குப் போகுது)

கொக்குவில் ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். சித்திரபாட ஆசிரியர்மாருக்கு ஒரு சின்னக் கைந்நூல் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறன், முக்கால்வாசி முடிஞ்சுது, மிச்சத்தில ஒரு சொல் தொண்டையில சிக்கின முள்ளு மாதிரி நிக்குது. போட்டோவைப் பாத்து வீட்டுக்குள்ள இருந்து கீறாம, நேர இடத்துக்குப் போய், அங்கயே இருந்து கீறி, அங்கயே முடிச்சுக்கொண்டு வாறது. பிரெஞ்சில ஆன் ப்ளென் ஏர் எண்டுவினம், இங்கிலிஷ்காரரும் அதையே ப்ளென் ஏர் எண்டு எடுத்து வச்சிருக்கினம். "வெளிப்புற ஓவியம்" எண்டு எழுதிக் குடுத்தா அச்சகத்தில ரைப் பண்ணுற பிள்ளை கேக்குது, வீட்டு வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறதோ ரீச்சர் எண்டு.

இன்னும் ரெண்டு சொல் இருக்கு, வொஷ், புளூம். அதுகளுக்கும் நேரம் இருந்தா பாருங்கோ. சனிக்கிழமை எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையளை யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன், பெற்றோருக்குக் குடுக்கிற துண்டிலயும் இந்தச் சொல்லுத்தான் வரும், அதால சனத்துக்கு விளங்கோணும்.


கோவைக்காரன்:

வணக்கம் டீச்சர். இங்க பசங்க அவுட்டோர்னுதான் சொல்றாங்க, எழுதுறப்போ திறந்தவெளி ஓவியம்னு போடுவோம். உங்களுக்கு ஒரே சொல்லா வேணும்னா "களவரைவு" எப்படி? களத்துக்குப் போய் வரையறது, களப்பணி, கள ஆய்வு மாதிரி. சின்னச் சொல், வினையாவும் ஆக்கலாம்.


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

தம்பி, அகப்பொருள், அதுதான் பழந்தமிழ்க் காதல் பாட்டின்ர இலக்கணம், படிச்சனீரோ? களவு எண்டா என்ன, வரைவு எண்டா என்ன? களவு மறைஞ்சு காதலிக்கிறது, வரைவு கலியாணம். "களவரைவு" எண்டு பெற்றோருக்குத் துண்டு குடுத்துப் பிள்ளையளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா ரீச்சரின்ர வேலை போயிடும். அகப்பொருள் தெரியாத ஆளும் களவு, அரைவு எண்டுதான் பிரிப்பார், அப்பவும் களவுதான் முன்னுக்கு நிக்கும்.


கோவைக்காரன்:

ஐயா :) வாபஸ் வாங்கிக்கிறேன்.


நீர்க்காகம்:

ரீச்சர், நான் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் வெளியில போய்க் கீறுற ஆள், இலக்கணம் பெருசாத் தெரியாது, செய்யிற வேலையைச் சொல்லுறன், அதில இருந்து நீங்கள் சொல்லை எடுங்கோ. வெளி எண்டது இதில முக்கியம் இல்ல. வெளியில குந்தியிருந்து போனில உள்ள படத்தைப் பாத்தும் கீறலாம்தானே. முக்கியம் வெளிச்சம். பண்ணையடியில பின்னேரம் நாலரைக்கு இருந்தா முதல் வானத்தைப் போட்டுட்டு அது காயுமட்டும் பாத்துக்கொண்டிருக்கோணும், பிறகு மண்டைதீவுப் பக்கம் ஒரே இழுவையில ஒரு நீலச் சாம்பல் கோடு, தண்ணி பளபளக்கிற இடத்தில ஒண்டும் போடக்கூடாது, கடுதாசியின்ர வெள்ளையைத்தான் விடோணும், ஏனெண்டா நீர்வர்ணத்தில வெள்ளை எண்டா அந்தக் கடுதாசிதான். கடைசியாத்தான் மீன் பிடிக்கத் தண்ணிக்க நட்டிருக்கிற சிறகுவலைத் தடியள், தூரிகையை நல்லா ஒத்திப்போட்டு உலர்ந்த முனையால. அந்தத் தடியளுக்கு வரேக்க தொடங்கின நேரம் இருந்த நிழல் அங்க இல்ல, நீண்டுபோய் வேற பக்கம் கிடக்கும். எந்த நிழலைக் கீறுறது எண்டு முதலே முடிவெடுத்து வைக்காட்டி அம்போதான். அதால நேரம் வரோணும் சொல்லில, அல்லது நேர் வரோணும். "நேர்வரைவு" எண்டு பாத்தன், இப்ப மாஸ்டர் வரைவு எண்டா கலியாணம் எண்டுறார், நேர்க்கலியாணம் ஆகிடும்.


லாச்சப்பல்:

நான் பாரிஸில இருந்து எழுதுறன். ஆன் ப்ளென் ஏர் எண்டதுக்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் முழுக் காத்தில எண்டுதான் வரும், ஆனா இஞ்ச சந்தைக்கும் அதைத்தான் சொல்லுவாங்கள், கோடை காலத்தில வெளியில சீலை கட்டிப் படம் காட்டினாலும் அதுதான். பிரெஞ்சுக்காரனுக்கு அது ஓவியச் சொல்லே இல்ல, சும்மா வெளியில எண்டது, இங்கிலிஷ்காரன் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சதாலதான் கலைச்சொல் மாதிரித் தெரியுது. அதோட அந்தப் பேர் பிரபலமானது எண்ணெய் வர்ணக்காரராலதான். 1841 இல ஜோன் கொஃப் ராண்ட் எண்ட அமெரிக்க ஓவியர் தகர ரியூபுக்குக் காப்புரிமை எடுத்தவர், அதுக்கு முன்னம் எண்ணெய் வர்ணத்தைப் பண்டியின்ர சவ்வுப் பையில கட்டிக்கொண்டுதான் திரியோணும். நீர்வர்ணக்காரருக்கு அந்தக் கரைச்சல் இல்ல, இங்கிலாந்தில பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியிலயே கட்டி வர்ணப் பெட்டியோட வயலுக்கயும் ஆத்தங்கரையிலயும் நிண்டவங்கள், பிரெஞ்சுப் பேர் ஒண்டும் தேவைப்படேல்ல. நாங்கள் மட்டும் ஏன் பிரெஞ்சைப் பிடிச்சுத் தொங்கோணும்?


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

நல்லாச் சொன்னீர். இப்ப நான் கொஞ்சம் விரிவா எழுதுறன், நேரம் இல்லாத ஆக்கள் கடைசிப் பந்தியைப் பாருங்கோ.

நீர்க்காகம் தம்பி கேட்ட நேரமும் இடமும் தொல்காப்பியர் எப்பவோ தந்தாச்சு. "முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பென மொழிப இயல்புணர்ந் தோரே." நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். மாலை எண்டா முல்லை, எற்பாடு, அதாவது வெயில் சாயிற நேரம், எண்டா நெய்தல். தம்பி பண்ணையில நாலரைக்கு இருந்து கீறுறார் எண்டா அது நெய்தல் நிலம், எற்பாட்டுப் பொழுது, தனக்குத் தெரியாமலே திணை கீறிக்கொண்டிருக்கிறார். ஆகவே "முதற்பொருளோவியம்." இதை விடப் பொருத்தமான சொல் உலகத்தில ஒரு மொழியிலயும் கிடையாது.

சங்கத்தில ஓவியக்காரருக்கு ஒரு பேர் இருக்கு, கண்ணுள் வினைஞர், மதுரைக்காஞ்சியில வருது. பாக்கிறவன்ர கண்ணுக்குள்ள தன்ர தொழிலை நிறுத்துறவன் எண்டு நச்சினார்க்கினியர் உரை. நற்றிணை 118 இல பாதிரிப் பூவுக்கு உவமையே துகிலிகை, அதாவது தூரிகைதான், அரக்குச் சாயம் ஊட்டின துகிலிகை மாதிரித் துய் உள்ள பூ. நெடுநல்வாடையில "புனையா ஓவியம் கடுப்ப", வர்ணம் போடாத கோட்டுப் படம். அப்ப பென்சிலால கீறினதுக்குப் புனையா ஓவியம் எண்டும், வர்ணம் போட்டதுக்குப் புனை ஓவியம் எண்டும் கைந்நூலில போடலாம்.

சரி, முதற்பொருளோவியம் பிள்ளையளுக்குப் பாரம் எண்டா "வெளியோவியம்." வெளிச்சம் முக்கியம் எண்டு தம்பி வெளியைத் தள்ளினார். வெளி, வெளிச்சம், வெள்ளை, வெளிறு எல்லாம் வெள் எண்ட ஒரே வேர். வெளி எண்டாலே வெளிச்சம் விழுற இடம், மறைப்பில்லாத இடம். தம்பி தண்ணியில விடுற கடுதாசி வெள்ளையும் அதுக்குள்ள வந்திட்டுது. இனி என்ன வேணும்?


ஸ்காபரோ அக்கா:

மாஸ்டர், வேர் எல்லாம் சரி, ஆனா ஊரில "வெளிக்குப் போறது" எண்டா என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். எட்டாம் வகுப்புப் பெடியள் அந்தச் சொல்லைக் கேட்டா அண்டைக்கு முழுக்கச் சிரிப்புத்தான்.


லாச்சப்பல்:

முத்தவெளி, வல்லைவெளி எண்டு சொல்லேக்க ஆர் சிரிச்சது? பருத்தித்துறை பஸ்ஸில "வல்லைவெளியில இறக்கம்" எண்டு கத்தினா ஒருத்தரும் சிரிக்கேல்ல. எங்களுக்கு வெளி எண்டா கண்ணெட்டின தூரமட்டும் மறைப்பில்லாத நிலம், படம் கீறப் போற இடமே அதுதான். நான் வெளியோவியத்துக்குத்தான் கை தூக்குறன்.


கோவைக்காரன்:

இங்க வெளின்னா மொதல்ல விண்வெளி ஞாபகம் வரும். வெளியோவியம்னு கேட்டா ராக்கெட் படம்னு நெனைப்பாங்க. அப்புறம் இன்னொண்ணு, டீச்சர் "கீறுறது"ன்னு எழுதியிருக்காங்க, எங்களுக்குக் கீறுறதுன்னா பிளேடால கீறுறது, நகம் பட்டுக் கீறுறது. புத்தகம் தமிழ்நாட்டுலயும் போகும்னா "வரைதல்" பொது. நீர்வர்ணம்கூட நீர்வண்ணம்னு மாத்திடலாமே, வர்ணம் வடசொல்.


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

கீறுறதில என்ன பிழை? முனையுள்ள ஒண்டால மேற்பரப்பில கோடு போடுறதுதானே கீறல், முன்னம் ஓலையில எழுத்தாணியால செய்ததும் அதுதான். பழைய வினை வரைதலும் இல்ல, எழுதுதல். ஓவியம் எழுதுறது எண்டுதான் பழைய ஆக்கள் சொன்னவை. அதைக் கொண்டு வாரும், நான் ஒப்புக்கொள்ளுறன், வரைதலுக்கு மட்டும் ஒப்பேன். வண்ணம், வர்ணம்: தொல்காப்பியத்தில வண்ணம் எண்டா செய்யுளின்ர ஓசை, "வண்ணந் தாமே நாலைந் தென்ப", இருபது வண்ணம். கச்சேரியில முதல் பாடுறது வர்ணம். எதைப் போட்டாலும் பாட்டில கொண்டுபோய்த்தான் விடும். இலங்கைப் பள்ளிக்கூடத்தில நீர்வர்ணம் எண்டுதான் பிள்ளையள் படிக்குதுகள், அதை மாத்திறதுக்கு இந்தக் கைந்நூல் காணாது.


கோவைக்காரன்:

தனித்தமிழ் பேசற நீங்களே வர்ணத்துக்கு வக்காலத்து வாங்கறீங்க ஐயா.


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

நான் தனித்தமிழ்க்காரன் எண்டு எப்ப சொன்னனான்? பத்தொன்பதாம் நூற்றாண்டில மானிப்பாயில அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் தமிழில வைத்தியம் படிப்பிச்ச மண் இது. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் எண்டு வச்சார், கெமிஸ்ரிக்கு கெமிஸ்தம் எண்டு வச்சார். ஒண்டு வடமொழி, மற்றது இங்கிலிஷுக்குத் தமிழ் வால். ரெண்டும் இண்டைக்கு இல்ல. இஞ்ச இரசாயனவியல் எண்டம், உங்கட பக்கம் வேதியியல் எண்டினம். எது நிக்கும், எது விழும் எண்டு வச்சவருக்கே தெரியாது. அதுக்காக வைக்காம விடுறதோ?


நீர்க்காகம்:

மாஸ்டர் சொன்ன வெள் வேர் கேக்க வடிவாத்தான் இருக்கு. எண்டாலும் துண்டைக் கையில வாங்கிற தாய் தேப்பனுக்கு வேர் தெரியுமோ? யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்டர் நடத்தின கழகத்துக்குப் பேர் விடுமுறைக்கால ஓவியர் கழகம். எப்ப, ஆர், என்ன எண்டு பேரிலயே கிடக்கு, ஒருத்தரும் விளக்கம் கேக்கத் தேவையில்ல. அதை மாதிரி "நேர்க்காட்சி நீர்வர்ணம்" எண்டு வச்சா என்ன?

மற்ற ரெண்டு சொல்லையும் ஆரும் தொடேல்ல, நானே சொல்லுறன். வொஷ் எண்டதுக்கு ஒரு புத்தகத்தில "கழுவல்" எண்டு போட்டிருந்தாங்கள், அது பெரிய பிழை, ஒண்டையும் கழுவுறேல்ல, தண்ணி கூடின வர்ணத்தை ஒரே படையாப் பரவ விடுறது. "நீர்ப்பூச்சு" போதும். மேல கடுமையாத் தொடங்கிக் கீழ வர வர வெளிறிப்போறதுக்கு "தேய்நீர்ப்பூச்சு" எண்டு வேணுமெண்டா வைக்கலாம்.

புளூம் எண்டது பூச்சு அரைவாசி காய்ஞ்சிருக்கேக்க அதில ஈரம் கூடின தூரிகை பட்டா வாறது. புதுத்தண்ணி உள்ள இருக்கிற வர்ணப்பொடியைத் தள்ளிக்கொண்டு போய், நிண்ட இடத்தில ஓரம் கருத்து, சுருக்குச் சுருக்கா கோலிஃபிளவர் மாதிரி நிக்கும். சோளகக் காத்துக்க பூச்சு முழுசாப் பரவ முதலே காய்ஞ்சு ஓரம் இறுகிப்போகும். மாரியில வாடைக் காத்துக்க கடுதாசி காயாது, பொறுமை இல்லாத பெடியள் ஈரத்துக்கயே தொட்டுப்போட்டு எல்லாம் பூத்துப்போய் நிப்பாங்கள். அவங்கள் சொல்லுறதே "அண்ணை பூத்திட்டுது" எண்டுதான். அதையே போடுங்கோ ரீச்சர், பூத்தல்.


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

பூத்தல் அருமை. "நீர்ப்பூப்பு" எண்டு பெயராக்கலாம்.


ஸ்காபரோ அக்கா:

மாஸ்டர்!! பூப்பு எண்டா வேற. பூத்தலோட நிப்பாட்டுங்கோ.


கொக்குவில் ரீச்சர்:

நீர்ப்பூச்சு, பூத்தல் ரெண்டையும் எடுத்திட்டன், நன்றி. முதல் சொல்லுக்கு இண்டைக்கு இரவு முடிவு வேணும். வெளியோவியத்துக்கு மாஸ்டர், லாச்சப்பல் அண்ணை. நேர்க்காட்சிக்கு நீர்க்காகம். அக்கா?


ஸ்காபரோ அக்கா:

"இடத்தில இருந்தே கீறுறது" எண்டு முழுசா எழுதினா குறைஞ்சு போகுமோ? சரி, சரி. நித்திரை வருது, வெளியோவியம் எண்டே போடுங்கோ. பெடியள் சிரிச்சா சிரிக்கட்டும்.


கோவைக்காரன்:

எனக்குத் திறந்தவெளி ஓவியம்தான் இன்னும் சரின்னு தோணுது. ஆனா உங்க புத்தகம், உங்க பசங்க. மறுப்பைப் பதிவு பண்ணிக்கிறேன்.


நீர்க்காகம்:

என்ர மறுப்பையும் சேருங்கோ. நேர்க்காட்சி எண்டா சந்தையில மீன் விக்கிற மனிசிக்கும் விளங்கும், வெளியோவியத்துக்கு மாஸ்டர் பக்கத்தில நிக்கோணும்.


கொக்குவில் ரீச்சர்:

கைந்நூலில வெளியோவியம், கீழ ஒரு வரி விளக்கம். பெற்றோருக்குப் போற துண்டில மட்டும் "பண்ணையில் நேரில் பார்த்து நீர்வர்ணம் தீட்டுதல்" எண்டு போட்டிருக்கிறன், ஒருத்தரும் கோவிக்காதேங்கோ.


வட்டுக்கோட்டை மாஸ்டர்:

கோவமில்ல. ஆனா அச்சில "வெளி ஓவியம்" எண்டு பிரிச்சுப் போட விடாதேங்கோ, யகர உடம்படுமெய் வந்தே ஆகோணும், பிரிச்சா அந்த ரைப் பண்ணுற பிள்ளை சொன்ன சுவர்ப் பெயின்ற்தான். முதற்பொருளோவியம் எண்டதையும் அடைப்புக்குறிக்குள்ள எண்டாலும் ஒருக்காப் போடலாமோ? விளக்கம் ஒரு பக்கத்துக்கு நான் எழுதித் தாறன்.


நீர்க்காகம்:

ரீச்சர், மாஸ்டரின்ர ஒரு பக்கம் வர முதல் அச்சுக்குக் குடுத்திடுங்கோ :) சனிக்கிழமை நானும் வாறன். பிள்ளையளுக்குத் தொப்பியும் ஆளுக்கு ரெண்டு தண்ணிப் போத்தலும் சொல்லிவிடுங்கோ, ஒண்டு குடிக்க, ஒண்டு தூரிகை கழுவ. அது மாறிப்போறதுதான் வழமை.