தூக்கம் கெட்ட மறுநாள் ரத்தத்தில் தெரிவது என்ன? துறையில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ஆய்வகப் பணியாளர்

ஹார்மோன் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "சாப்பிட்டீர்களா?" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். "எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?" என்று கேட்பது அபூர்வம். சில பரிசோதனைகளுக்கு அந்தக் கேள்விதான் உயிர்.

முதலில் பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின். இது தூங்கத் தொடங்கியதும் ஏறும், தூக்கத்தின் கடைசிப் பகுதியில் உச்சத்துக்கு வரும், எழுந்த பிறகு மெல்ல இறங்கும். காலை 6 மணிக்கு எழுந்து, வரிசையில் முதலாளாக நிற்க வேண்டும் என்று 6:45க்கே கையை நீட்டுபவருக்கு எண் கூடுதலாக வரத்தான் செய்யும். எழுந்து 2 முதல் 3 மணி நேரம் கழித்து எடுப்பதே சரி. ஊசிப் பயமே புரோலாக்டினை ஏற்றிவிடும் என்பதால், சந்தேகம் இருந்தால் நரம்பில் கேனுலா என்ற மெல்லிய குழாயைப் போட்டு, 20 நிமிடம் அமைதியாக உட்கார வைத்துவிட்டு மாதிரி எடுப்பார்கள்.

பல ஆய்வகங்களில் கர்ப்பமில்லாத பெண்களுக்கு மேல் எல்லை மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் அளவில் இருக்கும். 30, 40 என்று வந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நேராக மூளை ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். முதலில் சரியான நேரத்தில் மறுபடி எடுங்கள், எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டும், பெரும்பாலும் செயலற்ற மேக்ரோ புரோலாக்டின் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 200ஐத் தாண்டிய எண்ணைத் தூக்கத்தின் மேல் போட முடியாது. அதற்கு மருத்துவர் உடனே பார்த்தாக வேண்டும்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கும் நேரம் முக்கியம். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை. 30களில் இருக்கும் ஆண்களுக்கு மாலை 4 மணி மாதிரி காலையைவிட 20 முதல் 25 சதவீதம் குறைவாக வரும். மாலை எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஊசி போடத் தொடங்கியவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது வேதனையாக இருக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் போட்டால் உடல் தன் உற்பத்தியையும் விந்தணு உற்பத்தியையும் நிறுத்திக்கொள்ளும்.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்

மேலே சொன்னதற்குப் பின்னால் இருக்கும் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரியும். சில ஹார்மோன்கள் உடலின் உள்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. நீங்கள் தூங்கினாலும் விழித்தாலும் பெரும்பாலும் தம் நேரத்துக்கு வரும். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசாலும், இருட்டியதும் சுரக்கும் மெலடோனினும் அப்படி. சில தூக்கத்தின் பின்னாலேயே போகும். பகலில் தூங்கினால் பகலில் ஏறும். வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் இந்த வகை. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, அதனால்தான் அதிகக் குழப்பம் அதில்.

கடிகாரம் மாலையிலிருந்தே டி.எஸ்.எச்.ஐ மேலே தள்ளுகிறது. நள்ளிரவு தாண்டி அது உச்சத்துக்கு வரும். தூக்கம் அதன் மேல் பிரேக் போடுகிறது. இரவு முழுவதும் விழித்திருந்தால் அந்தப் பிரேக் இல்லை, எண் வழக்கத்தைவிட மேலே போகிறது. தூங்காத இரவுக்கு மறுநாள் அதிகாலையில் எடுத்த மாதிரியில் டி.எஸ்.எச். 5 அல்லது 5.5 என்று சற்றே கூடுதலாக வந்தால், மாத்திரை எழுதும் முன் யோசிக்க வேண்டும். 6 முதல் 12 வாரம் கழித்து, ஒழுங்காகத் தூங்கிய இரவுக்கு மறுநாள், தைராய்டு ஹார்மோனான எஃப்.டி.4, தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இரண்டையும் சேர்த்து எடுப்பதுதான் முறை. 10ஐத் தாண்டினால் கதை வேறு.

ஒரு இரவு விழித்தால் டி.எஸ்.எச். ஏறுகிறது, ஆனால் பல நாள் தொடர்ந்து குறைவாகத் தூங்கினால் இறங்குகிறது. 1999ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்பீகல், லெப்ரூல், வான் காட்டர் மூவரும் 11 இளைஞர்களை 6 இரவு, இரவுக்கு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். குறைந்தது, மாலைக் கார்டிசால் கூடியது, சர்க்கரையை ரத்தத்திலிருந்து அகற்றும் வேகம் சுமார் 40 சதவீதம் மந்தமானது. "தூக்கம் கெட்டால் தைராய்டு கூடுமா, குறையுமா?" என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு ஒற்றை வரிப் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கார்டிசாலில் பலர் காலை எண்ணையே பார்க்கிறார்கள். தூக்கமின்மை அதிகம் காட்டிக்கொடுப்பது மாலையில். இயல்பாக நள்ளிரவில் அடிமட்டம், 2, 3 மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, எழும் நேரத்தை ஒட்டி உச்சம், எழுந்த 30 முதல் 45 நிமிடத்தில் இன்னும் ஒரு ஏற்றம், பிறகு நாள் முழுக்க இறக்கம். தூக்கம் கெட்டால் இறக்கம் தாமதமாகிறது. 1997ல் வெளியான ஆய்வில், மறுநாள் மாலை 6 முதல் இரவு 11 மணி வரையிலான கார்டிசால், பாதித் தூக்கம் போனவர்களுக்கு 37 சதவீதமும், முழுத் தூக்கமும் போனவர்களுக்கு 45 சதவீதமும் கூடியிருந்தது. உடம்பு களைத்துப் போய்க் கிடக்க, மூளை மட்டும் அடங்க மறுக்கும் அந்த இரவுகளில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

கார்டிசால் மிகையாகும் குஷிங் நோய்க்காக நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசால் எடுக்கிறவர்களுக்கு: இரவு 11 முதல் 12க்குள், வழக்கமாகத் தூங்கும் நேரத்தை ஒட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் 30 நிமிடம் சாப்பாடு, பல் துலக்குதல், புகை எதுவும் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் எண் பொய்யாக ஏறும். கையில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தால் உமிழ்நீர் எடுக்கும் பஞ்சைத் தொடவே கூடாது. இரவுப்பணி செய்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. அவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 1 மில்லிகிராம் கொடுத்துக் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அல்லது 24 மணி நேரச் சிறுநீர் கேட்பதே பாதுகாப்பு.

தூக்க ஆய்வகத் தொழில்நுட்பர்

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது பாதிதான், எந்த நிலையில் தூங்கினார் என்பது மீதி. ஆழ்தூக்கம், அதாவது என்3 நிலை, பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது. 30 வினாடித் துண்டில் 20 சதவீதத்துக்கு மேல், 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய மெதுவான அலைகள் இருந்தால்தான் அதை என்3 என்று குறிப்போம். ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனின் மிகப் பெரிய துடிப்பு அந்த நேரத்தில்தான் வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதற்குக் குறைந்தது 3 மணி நேரம் உடையாத தூக்கம் வேண்டும். 2011ல் 10 இளைஞர்களை 8 இரவு 5 மணி நேரமே தூங்கவிட்டபோது பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது.

தூக்க மூச்சுத்திணறல் இருப்பவர் படுக்கையில் 8 மணி நேரம் கிடப்பார், "நன்றாகத்தான் தூங்குகிறேன்" என்பார். பதிவில் பார்த்தால் மணிக்கு 30, 40 முறை மூச்சு நின்று மூளை விழித்திருக்கும். என்3 அங்கங்கே துண்டாகக் கிடக்கும்.

இவர்களிடம் அடிக்கடி பார்ப்பது, இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீருக்கு எழுவது. சர்க்கரை இல்லை, புராஸ்டேட்டும் சரி, தண்ணீரைக் குறைத்தும் பயனில்லை என்பார்கள். அடைத்த தொண்டையை எதிர்த்து மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன, அங்கிருந்து ஏ.என்.பி. என்ற ஹார்மோன் வெளிவந்து சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்கிறது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி சரியாகப் பொருந்தினால், பலருக்கு இந்த எழுச்சிகள் தொடக்க நாட்களிலேயே குறைகின்றன. குறையவில்லை என்றால் முதலில் முகமூடியில் காற்றுக்கசிவைப் பாருங்கள். வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கு முகமூடி மட்டும் போதாது.

நீரிழிவுக் கல்வியாளர்

"இரவு ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் சர்க்கரை மட்டும் எப்படிக் கூடுகிறது?" என்ற கேள்வி வராத நாளே இல்லை. முன்னிரவில் வந்த வளர்ச்சி ஹார்மோனின் விளைவும் விடியலில் ஏறும் கார்டிசாலும் சேர்ந்து இன்சுலினை மந்தமாக்குகின்றன, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. இது விடியல் ஏற்றம். இரவு மருந்தை நீங்களாகக் கூட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: இரண்டு மூன்று இரவுகள், அதிகாலை 3 மணி அளவு, எழுந்ததும் ஒரு அளவு எடுத்து எழுதி வையுங்கள். 3 மணிக்கு 130, காலையில் 180 என்றால் விடியல் ஏற்றம். 3 மணிக்கு 65 என்றால் இரவில் தாழ்கிறது; அங்கே இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் அணிகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். சென்சார் இருக்கும் கையின் மேலேயே படுத்தால் தோலடித் திசு நசுங்கி, இல்லாத தாழ்வைக் காட்டும். அலாரம் அடித்து, எழுந்து இனிப்பைச் சாப்பிட்டு, தூக்கமும் போய், காலையில் சர்க்கரையும் ஏறியிருக்கும். முதலில் புரண்டு படுத்து, விரலில் குத்திச் சரிபாருங்கள். வியர்வை, நடுக்கம் இருந்தால் மட்டும் சரிபார்க்கக் காத்திருக்காமல் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்.

பசி ஹார்மோன்கள் பற்றி ஒரு வார்த்தை. 2004ல் 12 இளைஞர்களிடம் செய்த ஆய்வில், 2 இரவு 4 மணி நேரத் தூக்கத்துக்குப் பின் பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இந்த எண்களைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே திசையைக் காட்டவில்லை, அதனால் ஹார்மோன் எண்ணைவிடத் தட்டில் நடப்பதையே நான் நம்புவேன். 2022ல், வழக்கமாக 6.5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் எடை கூடிய 80 பேரிடம் நடந்த சோதனையில், தூக்கத்தைச் சுமார் 1.2 மணி நேரம் நீட்டியவர்கள், நீட்டாதவர்களோடு ஒப்பிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைவாக உட்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லப்படவில்லை.

மருந்தாளுநர்

மருந்து கொடுக்கும் இடத்தில் திருத்த வேண்டியிருப்பவை பெரும்பாலும் நேரம் சார்ந்தவை.

ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் நாளுக்கு ஒரு முறை என்றால் காலையில், சாப்பாட்டோடு. இரவில் போட்டால் உடல் விடியல் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், தூக்கம் பிடிக்காது. மூட்டுவாதக் காலை இறுக்கத்துக்கென்று தாமதமாகக் கரையும் பிரெட்னிசோன் ஒன்று உண்டு. அதை மட்டும் இரவு 10 மணிக்குப் போட வேண்டும், சுமார் 4 மணி நேரம் கழித்தே திறக்கும். பெயர் ஒத்திருப்பதால் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

அட்ரினல் குறைபாட்டுக்கு, அதாவது உடலில் கார்டிசால் போதாமல், ஹைட்ரோகார்டிசோன் எடுப்பவர்களுக்கு நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்றாகப் பிரித்து, பெரிய பங்கு எழுந்தவுடன். கடைசிப் பங்கு படுக்கும் நேரத்துக்கு அருகில் வந்தால் தூக்கம் கலையும். இரவுப்பணிக்காரர் எழும் நேரம் மதியம் 3 என்றால், அதுதான் அவருடைய முதல் பங்கின் நேரம்.

மெலடோனின் மாத்திரையைத் தூக்க மாத்திரைபோல் படுத்த பிறகு போடுகிறார்கள். அதன் முக்கிய வேலை கடிகாரத்தை நகர்த்துவது. பின்தள்ளிப்போன தூக்கத்தை முன்னுக்குக் கொண்டுவர 0.5 மில்லிகிராம், வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பு என்பதே பொருத்தம். 10 மில்லிகிராம் போட்டால் நகர்வு இருபது மடங்காகாது, மறுநாள் மந்தம்தான் மிஞ்சும். ஃபுளுவாக்சமின் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் மெலடோனினைத் தொடக் கூடாது, ரத்த அளவு பல மடங்கு ஏறிவிடும். ப்ரோப்ரனலால், அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் உடலின் சொந்த மெலடோனினைக் குறைக்கும். அவை தொடங்கிய பின் தூக்கம் கெட்டது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரவுப்பணிச் செவிலியர்

இரவுப்பணியில் 2 நாள், 3 நாள் என்று மாறிக்கொண்டே இருப்பவர்களின் கார்டிசால் புதிய நேரத்துக்குத் திரும்புவதற்குள் பணி மாறிவிடுகிறது. ஆகவே காலை 8 மணிக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது உடலில் பகல் ஹார்மோன்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும். 5 மணி நேரத்தில் விழிப்பு வருவதற்கு மனஉறுதிக் குறைவு காரணமில்லை. உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் கடிகாரத்துக்கு 12 மணி நேரம் எதிராகப் போனபோது, லெப்டின் 17 சதவீதம் குறைந்து, இன்சுலின் 22 சதவீதம் கூடியும் சர்க்கரை 6 சதவீதம் ஏறியதாக 2009ல் ஷியர் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது.

பணியில் உதவுபவை: பணிக்கு முன் 90 நிமிடத் தூக்கம். பெரிய சாப்பாட்டைப் பணிக்கு முன்பே முடித்துவிட்டு, நள்ளிரவு முதல் காலை 6 வரை முடிந்த அளவு லேசாக வைப்பது. காபியைப் படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்துவது. வெயிலில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி; ஆனால் வண்டி ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தோடு கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. அறையில் முழு இருட்டு, ஏனென்றால் தூங்கும் முன் 200 லக்ஸுக்கும் குறைந்த வீட்டு வெளிச்சமே மெலடோனின் சுரக்கும் காலத்தைச் சுமார் 90 நிமிடம் சுருக்கியது என்று 2011ல் பதிவாகியிருக்கிறது.

குழந்தை மருத்துவர்

பெற்றோர்களுக்காக ஒன்று மட்டும். "11 மணிக்குத் தூங்குகிறான், வளர்ச்சி ஹார்மோன் வராமல் குள்ளமாகிவிடுவானா?" என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்த ஹார்மோன் மணியைப் பார்ப்பதில்லை, தூக்கத்தைப் பின்தொடர்கிறது. பிந்தித் தூங்கினால் துடிப்பும் பிந்தி வரும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உண்மை, அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. உயரம் பற்றிக் கவலை என்றால் 6 மாத இடைவெளியில் ஒரே அளவுகோலில் அளந்து வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். பகலில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை வளர்ச்சி ஹார்மோன் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, துடிப்புகளுக்கு நடுவில் அது இயல்பாகவே அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கும். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் உருவாகும் ஐ.ஜி.எஃப்.1 அளவும், தேவைப்பட்டால் குளோனிடின் போன்ற மருந்து கொடுத்து அந்த ஹார்மோனைச் சுரக்க வைத்துப் பார்க்கும் தூண்டல் பரிசோதனையும்தான் வழி.

நான் பெற்றோரிடம் தவறாமல் கேட்பது குறட்டையைப் பற்றித்தான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் வீங்கி, இரவெல்லாம் வாய் திறந்து மூச்சுக்குத் திணறும் பிள்ளைகளில் சிலருக்கு எடையும் உயரமும் தேங்குகின்றன. அறுவைக்குப் பிறகு ஐ.ஜி.எஃப்.1 ஏறுவதும் வரைபடத்தின் கோடு மேலெழுவதும் பலமுறை பதிவானவை. வாரத்தில் 3 இரவுக்கு மேல் குறட்டை, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தூங்குவது, பெரிய பிள்ளையும் படுக்கை நனைப்பது என்று இருந்தால், அந்த மூச்சைக் கைபேசியில் 2 நிமிடம் படமெடுத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். முகமும் மார்பும் தெரிய வேண்டும், சட்டையைத் தளர்த்திவிட்டு எடுங்கள், ஒலி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.