புதுப்பிப்பு: நைட்ரஜன் ஈரப்பத அளவியின் அளவுத்திருத்தம்

நைட்ரஜன் குழாயில் பொருத்திய எங்கள் அலுமினியம் ஆக்சைடு சென்சார், ஒப்பீட்டுக்கு வைத்த குளிர்கண்ணாடிப் பனிநிலைமானியைவிட (கண்ணாடியைக் குளிர்வித்து, வாயுவிலுள்ள நீராவி அதில் பனியாகப் படியும் வெப்பநிலையான பனிநிலையை அளக்கும் கருவி) ஈரத்தைக் கூடுதலாகக் காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சென்சாரையே மாற்றிவிடலாம் என்பது பலரின் கருத்து. அதற்குத் தேவை எழவில்லை.

வாயுவின் ஓட்டவேகத்தைக் கூட்டியபோது காட்டப்பட்ட ஈரம் குறைந்ததால், ஈரம் வழியிலேயே சேர்கிறது என்பது தெளிவாயிற்று (வழியில் சேரும் ஈரம் வேகமான ஓட்டத்தில் நீர்த்துப்போகும்). சென்சாருக்கு மட்டும் வாயு கொண்டுசென்ற டெஃப்லான் குழாய், கசிவே இல்லாவிட்டாலும், வெளிக்காற்றின் நீராவியைத் தன் சுவர் வழியே உள்ளே விடும் இயல்புடையது. அதற்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இட்டு, அளவு நிலைக்கும்வரை உலர் நைட்ரஜனைச் செலுத்தினோம். இதில் பொறுமை வேண்டும், பல மணிநேரம் பிடிக்கிறது.

எஞ்சிய சிறு வேறுபாடு, இவ்வகைச் சென்சார்கள் நாளடைவில் சரியான அளவிலிருந்து விலகுவதால் வருவது. அதை -60, -40, -20 டிகிரி செல்சியஸ் பனிநிலைகளில் ஒப்பிட்டுத் திருத்தியுள்ளோம்.

அழுத்தம் இந்த ஒப்பீட்டைப் பாதிக்குமா என்று கேட்டவருக்கு: வளிமண்டல அழுத்தத்தில் -40 டிகிரியாக உள்ள பனிநிலை, அதே வாயு 8 பார் தனி அழுத்தத்தில் (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளப்பது) இருக்கும்போது ஏறத்தாழ -20 டிகிரியாகிவிடும், ஆகவே இரு கருவிகளையும் ஒரே அழுத்தத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும்.