வே புரதமும் பெக்டினும்: இணைந்ததா, வெறுமனே கலந்ததா?

காட்பாடி ஆய்வு மாணவன்:
வே புரதத்தையும் (பால் திரிந்தபின் மிஞ்சும் நீரிலுள்ள புரதம்) பெக்டினையும் (பழங்களிலிருந்து எடுக்கும் கெட்டிப்படுத்தும் பொருள்) பிஎச் 4 என்ற அமில நிலையில் சேர்த்தால் கரைசல் கலங்குகிறது. உலர்த்திய பொடியின் அகச்சிவப்பு நிறமாலையில் 1,650 செ.மீ⁻¹ அருகே அமைடு பட்டை (புரதப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சும் இடம்) சற்றே நகர்ந்திருக்கிறது. இணைவுக்கு இந்தச் சான்று போதுமா?

ராணிப்பேட்டைக்காரர்:
போதாது தம்பி. உலர்த்தியதாலேயே பட்டை நகரலாம். நீரும் 1,640 அருகே உறிஞ்சும். மாதிரியைக் கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு உப்பு வில்லை ஈரம் வாங்கியிருந்தால் கூசாமல் ஏமாற்றும். முதலில் ஜீட்டா மின்னழுத்தம் (துகள்களின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் அளவு) பாருங்கள். வே புரதத்தில் முதன்மையான பீட்டா லாக்டோகுளோபுலினின் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் சுழியாகும் பிஎச்) ஏறத்தாழ 5.2. அதற்குக் கீழே புரதம் நேர்மின்னூட்டம் பெறும். பெக்டின் எதிர்மின்னூட்டத்திலேயே இருக்கும். பிறகு சோடியம் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பு மின்னீர்ப்பைத் தளர்த்தும்; அதனால் கலங்கல் தெளிந்தால், பிணைத்தது பெரும்பாலும் மின்னீர்ப்புதான்.

மாணவன்:
நன்றி அண்ணா. புரதத்தின் மடிப்பு மாறியதா என்று அறிய வட்ட இருநிறமை (இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியைப் புரதம் உறிஞ்சுவதிலுள்ள வேறுபாடு) அளக்கலாமா?

வேலூர் அக்கா:
அளக்கலாம், ஆனால் கலங்கிய கரைசலில் வேண்டாம்; ஒளிச்சிதறல் நிறமாலையைக் கெடுத்துவிடும். நீர்த்துத் தெளிவாக்குங்கள். குளோரைடு 200 நானோமீட்டருக்குக் கீழே உறிஞ்சுவதால், உப்பு தேவையென்றால் சோடியம் புளோரைடு. துகளின் உள்ளமைப்புக்குச் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் வேண்டும். இன்னொன்று: வேலூர் மே மாதத்தில் அறைக் குளிர்சாதனத்தை நம்பி ஜீட்டா அளக்காதீர்கள். மாதிரி கருவிக்குள் 25 டிகிரிக்கு வரட்டும்.